திறன்பேசி: குறையும் காரணமும்

மக்கள் தம் கைக்கும் கண்ணுக்கும் இயல்பாயுள்ள ஆற்றலை மிகுவித்தற்பொருட்டுத் தாமே ஆக்கிக்கொண்ட துணையே கருவியாகும். ஏர், தறி, செக்கு முதலிய பழங்கருவிகள் பழுதுற்ற காலத்து, அவற்றைக் கையாண்ட உழவனும் நெசவாளனும் பழுதின் இடத்தைக் கண்ணாற் கண்டு தம் கையாலேயே திருத்திக்கொண்டனர். இற்றை நாளில் நம் கையகத்து எந்நேரமும் உறையும் திறன்பேசியோ அத்தன்மைத்தன்று. அதன் உள்ளுறுப்புக்கள் கண்ணுக்குப் புலனாகா. புலனாயினும் அவற்றின் தொழில் விளங்காது. ஆதலின், அது சிறிது மாறுபட்டு இயங்கினும் அதனையுடையார் மருளுகின்றனர். மருண்டார் கண்டதெல்லாம் செய்து பார்ப்பர். அதனாற் சிறு குறை பெருங்கேடாய் முடிகின்றது.

திறன்பேசியும், அதனினும் பெரிய திரையுடையதாய் 'டேப்லட்' என வழங்கும் கைக்கணினியும் அன்றாடம் தரும் தொல்லைகளுள் மிகப் பலவற்றிற்குக் காரணம் எளிது. தீர்வு அதனினும் எளிது. காரணத்தைக் காணாது தீர்வைத் தேடுதலே இழப்புக்கெல்லாம் வாயிலாகின்றது. இவ்வுண்மையை எம்மூர் வாழ்க்கையோடு பொருத்திக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் கருவியும்

விருதுநகரினின்று சிவகாசி நோக்கிச் செல்லும் வழியில் அமைந்தது எம் ஆமத்தூர். கரிசலும் வெயிலும் மிக்க நிலம்; மழையை நம்பி விளையும் பயிர். அதனாற் பிழைப்புப் போதாதார்க்குப் பட்டாசு ஆலைகளும், தீப்பெட்டித் தொழிலும், சிவகாசி அச்சகங்களும் உணவளிக்கின்றன. இத்தகைய ஊர்களிற் பல குடும்பங்கட்குத் திறன்பேசி ஒன்றே உண்டு. அவ்வொன்றே தந்தைக்கு ஆலை வண்டி வரும் நேரத்தை அறிவிக்கும். தாய்க்கு எரிவாயு உருளையைப் பதிவு செய்து தரும். மகளுக்குக் கல்லூரிப் பாடக்குறிப்பைக் கொணரும். 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் பணம் செலுத்தும் முறை தொடங்கிய பின்னர், வீட்டின் பணப்பையும் அதனுள்ளே புகுந்துவிட்டது. 2022ஆம் ஆண்டிற் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியபொழுது, மாதத்தொகை 1,000 ரூபாய் தம் வங்கிக் கணக்கிற் சேர்ந்தது என்பதை மாணவியர் பலர் அறிந்துகொண்டதும் குறுஞ்செய்தியின் வாயிலாகவே.

எனவே, இக்கருவி ஒருநாள் இயங்காது கிடப்பின், ஒரு குடும்பத்தின் கடிதப்பெட்டியும், கைப்பணமும், பாடப்புத்தகமும் ஒருங்கே பூட்டப்பட்டனவாகும். பழுது நீக்கும் கடைக்கு நகரம் செல்லவேண்டின், அரைநாட் கூலியும் பேருந்துச் செலவும் போம். அங்கே, "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக்கித் தரவா?" என்று கேட்பார்க்கு, அதன் பொருள் அறியாது "ஆகட்டும்" என்று விடை கூறிய தாயார் சிலரை யாம் அறிவோம். அவ்வொரு சொல்லால், இறந்த கணவனின் குரற்பதிவும், பிள்ளையின் மழலைப் படங்களும் மீளாவாறு மறைந்தன. ஆயின், அவர் கொணர்ந்த குறையோ நினைவகத்தில் இடமின்மை என்னும் சிறு குறையே. இக்கட்டுரையை எழுதுதற்கு எம்மைத் தூண்டியது இத்தகைய இழப்பே என்க.

ஆராயும் முறை

மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் கத்தியைக் கையிலெடுப்பதில்லை. நோய் எப்பொழுது தொடங்கிற்று, அதற்குமுன் உண்டது யாது என்றே முதலில் வினவுவர். அங்ஙனமே திறன்பேசி குறையுற்றபொழுதும், "இக்குறை எப்பொழுது தோன்றிற்று? அதற்குச் சற்றுமுன் யாம் செய்தது யாது?" என்று வினவுதல் வேண்டும். புதிய செயலி ஒன்றை இட்டோமா? கீழே விழுந்ததா? மழையில் நனைந்ததா? வேறு மின்னேற்றியை மாட்டினோமா? இவ்வினாக்களின் விடையிலேயே பாதித் தீர்வு அடங்கியுள்ளது.

அதன்பின் கொள்ளத்தக்க நெறி மூன்று. புறத்தினின்று அகம் செல்லுதல் முதலாவது. கம்பியையும் உறையையும் சோதித்த பின்னரே கருவியின் உள்ளே குறை தேடல் வேண்டும். ஒருகால் ஒன்றனையே மாற்றுதல் இரண்டாவது. நான்கை ஒருங்கு மாற்றின், எதனாற் குறை நீங்கிற்று என்பது விளங்காது போம். மீட்கக்கூடிய செயலை முன்னும், மீட்கலாகாத செயலைப் பின்னும் செய்தல் மூன்றாவது. அணைத்து மீண்டும் இயக்குதல் எதனையும் அழிப்பதன்று. முழுதும் அழித்துப் புதிதாக்குதலோ மீளா வழி. முன்னது முதற்படி, பின்னது இறுதிப்படி. இவ்வரிசை பிறழாதிருத்தலே இக்கலையின் உயிர்நிலை.

அணைத்து மீண்டும் இயக்குதலால் குறை நீங்குதல் எவ்வாறெனின், கூறுதும். திறன்பேசியில் நாம் திறந்த செயலிகள் பலவும் நாம் அறியாமலே பின்னணியிற் பணிபுரிந்துகொண்டிருக்கும். அவற்றுள் ஒன்று வழிதவறித் தனக்குரியதன்றிப் பிறவற்றின் நினைவிடத்தையும் பற்றிக்கொள்வதுண்டு. கருவியை அணைத்தலால் அவையனைத்தும் கலைந்து, மீண்டும் இயங்குங்கால் தத்தம் இடத்திற் புதிதாக அமைகின்றன. அலைக்கோபுரத்தோடு உள்ள தொடர்பும் புதிதாகப் பிணைக்கப்படுகின்றது. அது மாயமன்று, ஒழுங்குபடுத்தலே.

இனி, அன்றாடம் எழும் வினாக்களை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

மின்னேறாமை

"சார்ஜ் ஏறவில்லை" என்பதே பலரும் முதலிற் கூறும் முறையீடு. மின்சாரம் சுவரிலுள்ள துளையினின்று புறப்பட்டு, மின்னேற்றி, கம்பி, கருவியின் வாய் என்பவற்றைக் கடந்தே மின்கலத்தை அடைகின்றது. இவற்றுள் எங்கும் தடை நேரலாம். அதே மின்னேற்றியை வேறொரு திறன்பேசியில் மாட்டிப் பார்க்க. அதில் ஏறின், மின்னேற்றியும் கம்பியும் குற்றமற்றன. வேறு கம்பியை நம் திறன்பேசியில் மாட்டிப் பார்க்க. அப்பொழுது ஏறின், பழைய கம்பியே குற்றமுடையது. கம்பிகள் வளைந்து வளைந்து கழுத்தருகே உள்ளறுதல் மிகுதி.

இரண்டும் குற்றமற்றனவாயின், கருவியின் வாயை வெளிச்சத்திற் காண்க. சட்டைப்பையின் நூற்பிசிறும் தூசியும் அங்கே செறிந்து, கம்பியின் முனை முழுதும் உட்புகாவாறு தடுத்தல் உண்டு. கருவியை அணைத்துவிட்டு, மரத்தாலான பற்குச்சியால் அப்பிசிறை மெல்ல எடுத்தல் வேண்டும். ஊக்கும் ஊசியும் புகுத்தலாகாது. அவை உள்ளிருக்கும் நுண்ணிய தகடுகளை வளைத்துவிடும். வாயால் ஊதுதலும் தகாது; மூச்சின் ஈரம் உட்புகும். புதிய மின்னேற்றி வாங்குங்கால், இந்தியத் தர நிறுவனத்தின் பதிவெண் பொறித்ததனையே தேர்தல் நலம்.

வெப்பமும் வீக்கமும்

திறன்பேசியின் மின்கலம் லித்தியம் அயனி என்னும் வகையது. இதனை முதன்முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தது 1991ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய சோனி. இதன் ஆக்கத்திற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ என்னும் மூவர்க்கு 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. லித்தியம் அயனிகள் ஒரு முனையினின்று மற்றொரு முனைக்குச் சென்று மீளுதலே மின்னேற்றமும் மின்னிறக்கமும் ஆம். ஒவ்வொரு முறை சென்று மீளுங்காலும் கலத்தின் கொள்ளளவு அணுவளவு குறைகின்றது. ஆதலின், இரண்டு மூன்று ஆண்டு பழகிய திறன்பேசி முன்போல நாள் முழுதும் தாங்காமை குற்றமன்று; முதுமையே. அதற்கு மருந்து கலத்தை மாற்றுதலேயன்றி, புதிய கருவி வாங்குதலன்று.

இம்முதுமையை விரைவிற் கொணர்வது வெப்பம். ஆப்பிள் நிறுவனத்தார் தம் திறன்பேசி இயங்குதற்கேற்ற சூழல் 0 முதல் 35 பாகை செல்சியசு என வரையறுத்துள்ளனர். கோடைகாலத்து எம் பகுதியில் நிழலிலும் வெப்பம் இவ்வெல்லையைக் கடத்தல் வழக்கம். பட்டாசு ஆலைகளுக்குள் அலைபேசி கொண்டுசெல்லலாகாது என்பது இவ்வட்டாரத்தார் நன்கறிந்த பாதுகாப்பு விதி. அது சாலவும் ஏற்புடையதே. ஆயின், அதன்பொருட்டு இருசக்கர வண்டியின் இருக்கைக்கீழ்ப் பெட்டியில் வைத்து, வண்டியை வெயிலில் நிறுத்திச் செல்வார் உளர். மூடிய பெட்டியுள் வெப்பம் வெளியினும் மிகும். "காலையில் நூறு இருந்தது, மாலைக்குள் மின்கலம் இறங்கிக் கருவி கொதிக்கின்றது, இது பழுதோ?" என்று வினவுவார்க்கு, பழுது கருவியிலன்று, அது வைக்கப்பட்ட இடத்தில் என்பதே விடை. அணைத்து, நிழலுள்ள இடத்தில் ஒப்புவித்துச் செல்லுதல் தக்கது. இரவில் தலையணையின்கீழ் வைத்து மின்னேற்றுதலும், மின்னேறுங்கால் நெடுநேரம் விளையாடுதலும் இவ்வகைக் கேட்டையே விளைப்பன.

மின்கலம் வீங்குதல் இவற்றினும் கொடிது. திரை விளிம்பில் மேலெழும்பினும், பின்மூடி புடைத்துத் தோன்றினும், மேசைமீது வைத்தபொழுது கருவி ஆடினும், உள்ளே வாயு திரண்டதென்று கொள்க. அதனை அழுத்தலாகாது, குத்தலாகாது, மேலும் மின்னேற்றலாகாது, குப்பையில் எறியவும் கூடாது. உடனே அணைத்து, எரியும் பொருள்களினின்று விலக்கி வைத்துப் பழுது நீக்குவோரிடம் ஒப்புவித்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டிற் சாம்சங் நிறுவனத்தார் கேலக்சி நோட் 7 என்னும் தம் திறன்பேசி தீப்பற்றியதனால் அதனை உலகெங்கும் மீளப்பெற்று, ஆக்கத்தையும் நிறுத்தினர்; மின்கலத்தின் குறையே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறிவித்தனர். அடைத்து வைத்த ஆற்றல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வெடித்தெழும் என்பதை எம் வட்டாரத்தார்க்கு எவரும் கற்பிக்கவேண்டுவதில்லை. மருந்துக் கலவையிடத்து அவர் காட்டும் எச்சரிக்கையிற் பத்திலொரு பங்கினை இச்சிறு கலத்தின்மாட்டும் காட்டின் போதும்.

இடமின்மையும் மந்தமும்

"நினைவகம் நிரம்பிற்று" என்னும் அறிவிப்பும், தொட்டால் நெடுநேரம் கழித்து இயங்கும் மந்தமும் பெரும்பாலும் ஒரே காரணத்தின. கருவி தன் பணிகளைச் செய்தற்குச் சிறிது வெற்றிடம் வேண்டும். காலைதோறும் உறவினர் அனுப்பும் வணக்கப்படங்களும், குழுக்களில் வரும் காணொளிகளும் தாமே இறங்கி அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றன. வாட்ஸ்அப் அமைப்பிற் படமும் காணொளியும் தாமே இறங்குதலை நிறுத்திவிடுதல் வருமுன் காத்தலாம். வந்தபின் நீக்குதலாயின், காணொளிகளுட் பெரியனவற்றை முதலில் நீக்குக. ஒரு காணொளி நூறு படங்களின் இடத்தைக் கொள்ளும்.

ஈண்டு இரண்டு வேறுபாடுகளை மனத்திற் பதித்தல் இன்றியமையாதது. செயலிகளின் அமைப்பிற் 'கேச்' நீக்குதல் என்றும், 'டேட்டா' நீக்குதல் என்றும் இரண்டு உள. முன்னது விரைவுக்காகச் சேர்த்துவைத்த தற்காலிகப் படிகளை மட்டும் நீக்கும், தீங்கில்லை. பின்னது அச்செயலியுள் நாம் சேர்த்தவற்றையும் நம் உள்நுழைவையும் நீக்கிவிடும். இஃது ஒரு வேறுபாடு. மற்றொன்று படங்களைப் பற்றியது. கூகுள் போட்டோஸ் செயலியிற் காப்புப்படி எடுக்கப்பெற்ற படத்தை அச்செயலியிலேயே அழிப்பின், கருவியிலுள்ள படமும் இணையத்திலுள்ள படியும் ஒருங்கே அழியும். கருவியில் மட்டும் இடம் வேண்டுவார், அச்செயலியில் 'இடத்தைக் காலியாக்கு' என்னும் பொருள்பட அமைந்த வழியையே கொள்ளல் வேண்டும். தவறி அழித்தார் உடனே அதன் குப்பைத்தொட்டியைக் காண்க. காப்புப்படி எடுக்கப்பெற்றவை 60 நாள்வரை அங்கே இருக்கும். கூகுள் கணக்கொன்றிற்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி இடமே. மின்னஞ்சலும் படங்களும் அதனையே பங்கிட்டுக்கொள்கின்றன என்பதும் அறியத்தக்கது.

இணையம் வாராமை

இணையம் வாராதபொழுது, குறை எல்லாச் செயலிகளிலுமா, ஒன்றிலா என்று முதலிற் காண்க. ஒன்றில் மட்டுமாயின், குறை அச்செயலியதே. எல்லாவற்றிலுமாயின், நாட்கட்டணம் முடிந்ததா, இரண்டு சிம் அட்டையுள் இணையத்திற்கு உரியது எது, வானூர்திக் குறி தற்செயலாக அழுத்தப்பட்டதா என்று நோக்குக. அவ்வானூர்திக் குறியை ஒருமுறை இட்டு நீக்குதல் அலைக்கோபுரத்தோடு புதிய தொடர்பைப் பிணைக்கும். பலமுறை அதுவே போதும்.

பலர் அறியாத காரணம் ஒன்றும் உண்டு. கருவியின் தேதி தவறாயிருப்பின் இணையத்தளங்கள் திறவா. ஒவ்வொரு தளமும் தன்னை மெய்ப்பிக்கும் சான்றிதழ் ஒன்றனைக் காட்டும். அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கருவியின் நாட்காட்டி பழைய ஆண்டைக் காட்டின், சான்றிதழ் இன்னும் பிறவாததாய்த் தோன்றும். கருவி அதனை ஐயுற்று மறுக்கும். மின்கலம் முழுதும் வற்றி நெடுநாட் கிடந்த கருவிகளில் இக்குறை நேர்வதுண்டு. தேதியைத் தானே அமைத்துக்கொள்ளுமாறு விடுதலே தீர்வு.

திரையும் விரலும்

இக்காலத்துத் தொடுதிரை நம் விரலின் அழுத்தத்தையன்று, விரலிலுள்ள மின்கடத்துந் தன்மையையே உணர்கின்றது. ஆதலின், காய்த்து வறண்ட விரலையும், ஈர விரலையும், தூள்படிந்த விரலையும் அது செவ்வனே உணராது. தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு சுற்றியும் தேய்ந்த எம்மூர்த் தாயரின் விரல்களைத் திரையும் ரேகை காணும் பொறியும் ஏற்க மறுத்தல் இதனாலேயே. "எனக்கு இது வராது, தம்பி" என்று அவர் தம்மையே நொந்துகொள்வர். குறை அவர் அறிவிலன்று. கருவி அவர் விரலை மனத்திற்கொண்டு ஆக்கப்படாமையில் என்று அவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். கையைக் கழுவித் துடைத்தபின் தொடுதல், ஒன்றிற்கு நான்கு விரல்களைப் பதிந்து வைத்தல், சில கருவிகளிலுள்ள தொடுவுணர்வை மிகுவிக்கும் அமைப்பை இயக்குதல், ரேகை ஏலாக்கால் எண்ணாலேயே திறத்தல் என்பன தீர்வுகள்.

பேசுங்கால் திரை இருண்டு மீளாமைக்குக் காரணம், திரையின் மேற்புறத்துள்ள உணர்பொறியைக் காப்புக் கண்ணாடியோ தூசியோ மறைத்தல். குரல் எதிர்முனைக்குக் கேளாமைக்குக் காரணம், கீழ்விளிம்பின் சிறுதுளையைத் தூசியோ உறையோ அடைத்தல். நம் காதிற்குக் குரல் கேளாமைக்குக் காரணம், அடுத்த அறையிற் கிடக்கும் புளூடூத் ஒலிபெருக்கியோடு கருவி இணைந்திருத்தலாகவும் கூடும்.

தமிழெழுத்துச் சிதைவு

தமிழ் பயிலும் எம்போன்றார்க்கு மிகுதியும் நேரும் இடர் ஒன்று உண்டு. அச்சகத்தினின்றோ தட்டச்சு நிலையத்தினின்றோ வந்த பாடக்குறிப்பைத் திறந்தால், தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் பொருளின்றிக் குவிந்து கிடக்கும். "திறன்பேசி கெட்டது" என்பர். அது கெடவில்லை. கணினியில் எழுத்து என்பது ஓர் எண்ணே; எவ்வெண்ணிற்கு எவ்வெழுத்து என்பதை ஒரு குறியீட்டு முறை வரையறுக்கும். 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றது. ஆயினும், பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் எண்ணிற்றானே தமிழ் வடிவைப் பொருத்தின. அவ்வெழுத்துருவில்லாத கருவியில், மறைந்திருந்த ஆங்கில எழுத்து வெளிப்படுகின்றது. அச்சுத்தொழிலிற் சிறந்த சிவகாசியை அடுத்து வாழ்வார்க்கு இஃது அடிக்கடி நேரும். 2010ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய குறிப்புக்களை எழுத்துரு மாற்றியால் ஒருங்குறியாக்கிக் கொள்ளலாம், அன்றேல், பி.டி.எஃப். வடிவில் அனுப்புமாறு கேட்டுப் பெறலாம். புதிதாகத் தமிழில் எழுதப் புகுவார்க்கு, 1999ஆம் ஆண்டில் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை பெரும்பாலான திறன்பேசிகளிற் கிடைக்கின்றது.

நீர் புகுதல்

கிணற்றடியிலோ மழையிலோ நனைந்த கருவியை உடனே அணைத்தல் முதற்கடன். இயங்குகின்றதா என்று பலமுறை அழுத்திப் பார்த்தலும், மின்னேற்றுதலும் பெருந்தீங்கு. நீரின் வழியே மின்சாரம் பாய்ந்து உறுப்புக்களை அரிக்கும். சிம் அட்டையை எடுத்து, துணியால் ஒற்றி, வாய் கீழ்நோக்கக் காற்றோட்டமுள்ள இடத்தில் உலர விடுக. அரிசிக் குதிரில் புதைத்தல் பலர் கூறும் வைத்தியம். அரிசியின் நுண்துகள் கருவிக்குக் கேடு செய்யலாம் என்று 2024ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தாரே எச்சரித்தனர். அடுப்பருகே வைத்தலும் ஆகாது. மின்கலத்தைப் பற்றி மேலே கூறியதனை நினைவிற் கொள்க.

மறதியும் பூட்டும்

சிம் அட்டைக்குப் பூட்டெண் இட்டார் அதனை மும்முறை தவறாக இடின், அட்டை பூட்டிக்கொண்டு பி.யு.கே. எனப்படும் எட்டிலக்க எண்ணைக் கேட்கும். அதனை ஊகித்து இடலாகாது. பத்துமுறை தவறின் அட்டை என்றைக்கும் பயன்படாது. தொலைத்தொடர்பு நிறுவனத்தாரிடம் கேட்டுப் பெறுதலே வழி. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தார்க்கு மற்றோர் இடர். ஆண்ட்ராய்டு கருவியைப் பூட்டிய நிலையில் முழுதும் அழித்துப் புதிதாக்கினும், முன்னிருந்த கணக்கின் சொல்லை அது மீண்டும் கேட்கும். திருடர்க்குப் பயன்படாவண்ணம் 2015ஆம் ஆண்டு முதல் அமைந்த காப்பு இது. ஆதலின், "அழித்தாற் சரியாகும்" என்று கருதி அழித்தார், படங்களையும் இழந்து கருவியையும் திறக்கமாட்டாது நிற்பர். கணக்கின் பெயரையும் சொல்லையும் ஒரு தாளில் எழுதி, பட்டாவும் குடும்ப அட்டையும் இருக்கும் பெட்டியில் வைத்தல் சிறந்த காப்பு.

அத்தாளிலேயே மற்றோர் எண்ணையும் எழுதுக. *#06# என்று அழுத்தின், கருவிக்குரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். கருவி களவு போயின், காவல் நிலையத்தில் முறையிட்டு, 2023ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி என்னும் தளத்தில் அவ்வெண்ணால் அதனைத் தடைசெய்யலாம்.

உதவி வடிவில் வரும் கேடு

இதுகாறும் கூறியவை கருவியின் குறைகள். இவையெல்லாவற்றினும் பெரியது, குறையை நீக்குவதாகச் சொல்லி வருவாராற் கேடு நேர்தல். பணம் போய்ச் சேரவில்லையென்று கலங்கியவர், வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடுவர். அங்கே வஞ்சகர் இட்டுவைத்த பொய்யெண்ணும் கிடைக்கும். அழைத்தால் இனிமையாகப் பேசுவர். "ஒரு செயலியை இடுங்கள், யாம் இங்கிருந்தே சரிசெய்கின்றோம்" என்பர். அச்செயலி நம் திரையை அவர்க்குக் காட்டுவது. பின்னர் வரும் ஓ.டி.பி. எண்ணும், நாம் இடும் மறையெண்ணும் அவர் கண்முன்னே விளங்கும். மாதமெல்லாம் மருந்துத் தூளிடை உழைத்த கூலி ஒரு நொடியில் நீங்கும்.

இதற்குக் காப்பு மூன்று. பணம் பெறுதற்கு மறையெண் வேண்டுவதில்லை; கொடுத்தற்கே வேண்டும். வங்கியின் எண்ணை வங்கிப் புத்தகத்திலோ ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலோ காண்க, தேடற்பொறியிற் காணற்க. அறியாதார் சொல்லும் எச்செயலியையும் இடற்க. இவற்றைக் கடந்தும் இழப்பு நேரின், நாணிக் கிடவாது 1930 என்னும் எண்ணிற்கு உடனே அறிவித்தல் வேண்டும். விரைந்து அறிவித்தால், பணம் கைமாறி மறையுமுன் அதனை நிறுத்திவைக்க இயலும். காலந்தாழ்த்தல் வஞ்சகர்க்கே துணையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். மின்னேறாமைக்குப் பிசிறும், மந்தத்திற்கு மிகையும், இணையம் வாராமைக்குத் தவறிய தேதியும், எழுத்துச் சிதைவுக்குப் பழைய குறியீடும் காரணமாதல் கண்டாம். இவற்றுள் ஒன்றற்கேனும் முழுதும் அழித்தல் மருந்தன்று. புதிய கருவி வாங்குதலும் மருந்தன்று. காரணம் நாடுதலே மருந்து. அதற்கு வேண்டுவது பெருங்கல்வியன்று, பொறுமையும் வரிசையுமே.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு இல்லம் செல்லுங்கால், நம் தாயரும் பாட்டியரும் திறன்பேசியை நீட்டி, "இது என்னவென்று பார்" என்பர். நாம் அதனைப் பறித்து, இரு நொடியில் எதனையோ அழுத்தித் திருப்பிக் கொடுத்துவிடுகின்றோம். அவர் கேட்டது தீர்ந்தது. அவர் அறிந்ததோ ஒன்றுமில்லை. அடுத்த குறைக்கும் அவர் பிறர் முகமே பார்த்து நிற்பர். அப்பிறர் நல்லவராகவே இருப்பர் என்பது என்ன உறுதி? ஆதலின், கருவியை அவர் கையிலேயே வைத்து, அவர் விரலாலேயே அழுத்தச் செய்து, காரணத்தை அவர்க்கு விளங்கும் சொல்லாற் கூறுவோமாக. சற்று நேரம் மிகும். எனினும், பிறரை எதிர்நோக்காது தம் பொருளைத் தாமே காக்கும் துணிவை அஃது அவர்க்கு அளிக்கும். நாம் கற்ற கல்வியும் நம் வீட்டார்க்குப் பயன்பட்டதாகும்.